துடக்கு மாதத்துச் சைக்கிள் பாதைகள்

என்னிடம் ஒளித்த விஷயத்தை நான் உங்களிடம் ஒளிக்கப்போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் சைக்கிள் ஓடித் திரிந்த அந்தக் கோடையில் என் அம்மா இறந்துபோயிருந்தார். வவுனியாவில், அகதி முகாமாக மாற்றிய ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், காய்ச்சலில். என் கணவருக்கு அது தெரியும். கனடாவில் இருந்த அண்ணைக்குத் தெரியும். சுவிஸில் எங்களுக்குப் பக்கத்து நகரமான ஆராவில் தமிழ்க் கடை வைத்திருந்த அக்காவுக்குத் தெரியும். கணவர் வேலை செய்த உணவகத்தின் தலைமைச் சமையல்காரர், அம்மாவின் பெயரைக்கூட உச்சரிக்கத் தெரியாத ஒரு சுவிஸ்காரர், அவருக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் ஆற்றங்கரையில் பாட்டுப் பாடிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆராவுக்கு அடுத்த கிராமம் ஒன்றில், மூன்றாம் மாடியில், ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். அதற்கு முந்திய குளிர்காலத்தில் கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் எனக்குக் குழந்தை தங்காமல் போனது. அதன்பிறகு நான் படுக்கையை விட்டு எழும்பவில்லை என்று சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாகும். எழும்பினேன், சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன். ஆனால் எதைச் செய்தாலும் காது தொலைபேசியிலேயே இருந்தது. சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு அம்மாவும் வெளிக்கிட்டிருந்தார். கடைசியாக வந்த கடிதத்தில், எப்படியும் வவுனியாவுக்கு வந்துவிடுவேன், அங்கே ஆமி தரும் பயணப் பாஸ் கிடைத்ததும் கொழும்புக்கு வந்து ரெலிபோன் எடுப்பேன் என்று எழுதியிருந்தார். அந்த ஒரு அழைப்புக்காகத்தான் நான் சாப்பிட்டேன், குளித்தேன், உயிரோடு இருந்தேன். மிகைப்படுத்தவில்லை. கடைக்குப் போனால்கூட ஓட்டமும் நடையுமாக வந்து, மணி அடித்ததா என்று கணவரைக் கேட்பேன்.

செய்தி வவுனியாவிலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து கனடாவுக்கும் போனது. அண்ணை வீட்டுக்கு எடுக்காமல் உணவகத்துக்கு எடுத்திருக்கிறார். கணவர் சலாட் கழுவிக்கொண்டிருந்தாராம். இதெல்லாம் எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது.

அண்ணை சொன்னது இதுதான்: "அவளுக்கு இப்ப சொல்லாதையும். பிள்ளை போய் ஆறு மாதம் இன்னும் ஆகேல்லை. தனிய இருக்கிறவள். நான் விசா எடுத்துக்கொண்டு வாறன். எங்கடை ஆள் ஒண்டு பக்கத்திலை இருக்கேக்கை சொல்லுவம்."

இது எங்கள் சனத்தின் வழக்கம். சாவுச் செய்தியை ஆளிடம் நேரே சொல்லமாட்டோம். தொலைபேசியில் சொல்லவே மாட்டோம். முதலில் 'கொஞ்சம் சுகமில்லை' என்போம். பிறகு 'ஆஸ்பத்திரியில்' என்போம். சொந்தக்காரர் நாலு பேர் வந்து வீட்டில் இருந்த பிறகுதான் வாய் திறப்போம். ஊரில் இதற்கு ஒரு மணித்தியாலம் போதும், ஏனென்றால் சொந்தக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். இங்கே சொந்தக்காரருக்கு விசா வேண்டும். அதனால் ஒரு மணித்தியாலத்து வேலை ஒரு மாதம் இழுபட்டது.

அண்ணைக்கு விசா கடைசிவரை கிடைக்கவில்லை. செய்தி வந்த அன்றே கணவர், தனியே இந்தச் சுமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தலைமைச் சமையல்காரரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் ஒரு சைக்கிள் பைத்தியம். ஓய்வு நாட்களில் இறுக்கமான காற்சட்டை போட்டுக்கொண்டு மலை மலையாக ஏறி இறங்குகிறவர். அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். வெளியே கூட்டிக்கொண்டு போ, வீட்டில் வைக்காதே என்று சொல்லி, ஒரு வரைபடத்தில் லாரி ஓடாத ஒதுக்குப்புறப் பாதைகளைப் பச்சைப் பேனையால் கீறிக் கொடுத்தார். தன் மனைவியின் சைக்கிளையும் இரவலாகக் கொடுத்தார். மாலை வேலையை அந்த மாதம் வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டார். நல்ல மனிதர். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

செய்தி வந்த மறுநாள் பின்னேரம் கணவர் வாசலில் நின்று மணியை அடித்தார். யன்னலால் எட்டிப் பார்த்தால் இரண்டு சைக்கிள்களோடு கீழே நிற்கிறார்.

"இஞ்சேரும், இறங்கி வாரும். ஒரு சுத்துச் சுத்தி வருவம்."

"விசரோ உங்களுக்கு? ரெலிபோன் வந்தா ஆர் எடுக்கிறது?"

அதற்கும் ஏற்பாடு செய்திருந்தார். நாங்கள் இல்லாதபோது பேசுகிறவரின் குரலைப் பதிந்து வைக்கிற ஒரு கறுப்புப் பெட்டி வாங்கி வந்திருந்தார். அம்மா எடுத்தால் இதில் பேசுவார், நீர் வந்து கேட்கலாம் என்றார். நான் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அம்மாவுக்கு இதெல்லாம் விளங்குமா என்ற கவலை எனக்கு. பெட்டி பேசினால் பேய் என்று நினைத்து வைத்துவிடுவார். ஆகையால் வரவேற்புப் பேச்சை நானே தமிழில் பதிந்தேன். அம்மா, நான்தான், வைக்காமல் கதையுங்கோ, நான் உடனே வந்திடுவன் என்று. கணவர் பக்கத்தில் நின்றவர் குசினிக்குள் போய்விட்டார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

சைக்கிள் எனக்குப் புதிதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து ஓடியவள். குண்டு போடுகிற பொம்மர் விமானம் சுற்றும்போது மதகுக்குக் கீழே சைக்கிளைத் தள்ளிவிட்டுப் படுத்து, போனதும் எழும்பி மீண்டும் ரியூசனுக்கு ஓடியவள். ஆனால் சுவிஸுக்கு வந்த பிறகு தொட்டதில்லை. ஏறி இருந்ததும் கால் தானாக வேலை செய்தது. கையும் தானாகவே வேலை செய்ததால் நேரே இடது பக்கத்துக்குப் போய்விட்டேன். எதிரே உழவு இயந்திரத்தில் வந்த ஒரு விவசாயி கையை விரித்து ஏதோ கத்தினார். கணவர் பின்னாலிருந்து, "வலம், வலம், இது எங்கடை ஊரில்லை" என்று கத்தினார். நான் புல்லுக்குள் போய் விழுந்தேன். விழுந்த இடத்தில் இருந்துகொண்டு சிரித்தேன். அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான். அவர் சைக்கிளைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் ஆரே ஆற்றங்கரைப் பாதை. ஆராவிலிருந்து ஆறு போகும் பக்கமாகவே போகும். ஏற்றம் இல்லை, வாகனம் இல்லை. ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர், மற்றப் பக்கம் வாய்க்கால், அதற்கப்பால் சோளத் தோட்டம். கொஞ்சத் தூரம் போனால் ஆற்றுக்கு மேலே ஒரு பழைய கோட்டை தெரியும். இன்னும் கொஞ்சம் போனால் எதிர்க்கரையில் இன்னொன்று. இந்தச் சின்ன நாட்டில் இத்தனை அரசர்கள் எதை ஆண்டார்கள் என்று கேட்டேன். "உங்கடை ஊர் விதானைமார் மாதிரித்தான், ஊருக்கொரு அதிகாரி" என்றார். கிராமங்களில் கல்தொட்டிகளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குனிந்து வாயை வைத்துக் குடிப்போம். எங்களைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. தமிழ் ஆட்கள் ஒருவரையும் அந்தப் பாதையில் காண முடியாது என்பதை அப்போது ஒரு குறையாகக்கூட நான் நினைக்கவில்லை.

அந்தப் பாதையில்தான் நான் அம்மாவுக்கு இடம் பார்க்கத் தொடங்கினேன். கொழும்புக்கு வந்து சேர்ந்தால் பிறகு அம்மாவை இங்கே கூப்பிட்டு எடுப்பது பெரிய வேலையா? அம்மாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. பின் கரியரில் ஒரு பக்கமாகக் கால்களைப் போட்டு இருப்பார். அதனால் மேடு பள்ளம் இல்லாத பாதையாகப் பார்க்க வேண்டும். முழங்கால் நோவுக்காரி, அடிக்கடி இறங்கிக் குந்த வழியோரத்தில் வாங்குப்பலகை வேண்டும். ஒவ்வொரு வாங்காகப் பார்த்து, இது அம்மாவுக்குச் சரி, இது வெயிலில் இருக்கிறது சரிவராது என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

"இஞ்சை பெரிய ஆக்களைப் பின்னாலை ஏத்தக்கூடாது. பொலிஸ் பிடிக்கும்" என்றார் கணவர்.

"பிடிக்கட்டும். அம்மா அவனோடை கதைச்சுத் தேத்தண்ணியும் வாங்கிக் குடிச்சிட்டு வருவா."

"ஓம்" என்றார்.

அவ்வளவுதான். நான் என்ன சொன்னாலும் அந்த நாட்களில் அவர் ஓம் என்றே சொன்னார். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து எதற்கும் மறுபேச்சு வைத்திருக்கிற மனிதர். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமைதான் வந்தது. இப்போதாவது வழிக்கு வந்தாரே என்று.

வழிக்கு வராத விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது. சாமி. நான் பின்னேரம் ஆறு மணிக்கு அலுமாரித் தட்டில் இருந்த சாமிப் படத்துக்கு விளக்கு வைப்பேன். அம்மாவுக்குப் பாஸ் கிடைக்க வேண்டும் என்று நேர்த்தியும் வைத்திருந்தேன். அந்த மாதம் ஆறு மணிக்கு நான் ஒருநாளும் வீட்டில் இல்லை. ஐந்துக்கே வெளிக்கிடுத்திவிடுவார். வெளிச்சம் ஒன்பது மணிவரை இருக்கும். களைத்து வந்து விளக்கை எடுத்தால், "நேரம் போச்சு, இனி நாளைக்கு வையும்" என்பார். ஒருநாள் பிடிவாதமாக வைக்கப் போனால் நெருப்புப்பெட்டியைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினேன். அது அவருடைய காற்சட்டைப் பைக்குள்தான் இருந்திருக்கிறது. செத்தவீட்டுத் துடக்கு, அதாவது தீட்டு, உள்ள வீட்டில் விளக்கு வைக்கக்கூடாது, கோயில் படி மிதிக்கக்கூடாது. துடக்கு இருப்பது எனக்குத் தெரியாது. தெரியாதவளுக்குத் துடக்கு உண்டா இல்லையா என்று யாரிடம் கேட்பது? அவர் யாரிடமும் கேட்கவில்லை. உண்டு என்று தானே முடிவுசெய்து, எனக்கும் சேர்த்துக் காத்திருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலுக்குப் போக வேண்டும் என்று காலையிலேயே தலை முழுகி, சேலை எடுத்து வைத்துவிட்டேன். கோயில் என்றால் பழைய தொழிற்சாலை ஒன்றின் கீழ்த்தளம்தான், ஆனாலும் சாமி சாமிதானே. அவர் மூன்று மணிக்கு வந்து சேலையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"இண்டைக்கு உமக்கு ஒரு பெரிய இடம் காட்டப்போறன். ரெண்டாயிரம் வருசம் பழசு."

"கோயிலுக்குப் போட்டுப் பிறகு போவம்."

"பிறகு மழை வரும்."

வானத்தில் மருந்துக்கும் முகில் இல்லை. சண்டை பிடித்தேன். நீங்கள் இங்கே வந்து வெள்ளைக்காரனோடு சேர்ந்து சாமியில்லாத ஆளாகிவிட்டீர்கள் என்று பேசினேன். என் அம்மாவுக்காக ஒரு கற்பூரம் கொளுத்த விடாத நீங்கள் என்ன மனுசன் என்றும் கேட்டேன். அதை அந்த வார்த்தைகளிலேயே கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடி நின்று, "அடுத்த மாதம் ஒவ்வொரு வெள்ளியும் கூட்டிக்கொண்டு போறன். சத்தியமா" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தபடியால் நானும் விட்டுவிட்டேன்.

போனது விண்டிஷுக்கு. முதலில் ஆற்றங்கரை வழி, பிறகு ஒரு சின்னக் காடு, பிறகு வீடுகளுக்கு நடுவே திடீரென்று ஒரு பெரிய வட்டக் குழி. ரோமாபுரிப் படை இருந்த காலத்து விளையாட்டுத் திடலாம். சுற்றிவரக் கல், நடுவில் புல். நாங்கள் போனபோது அங்கே ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது. இங்கேதான் ஆட்களை மிருகத்தோடு மோதவிட்டு வேடிக்கை பார்த்தார்கள் என்றார் கணவர். நான் கோபம் ஆறாமல் ஒரு கல்லில் இருந்தேன். பிறகு அந்த இடத்தின் அமைதி என்னை வென்றது. சிறிய கமராவில் என்னைப் படம் எடுத்தார். வட்டத்தின் நடுவில் இரண்டு கையையும் விரித்தபடி, பல் தெரிய, முழுகிய தலை காற்றில் பறக்க நிற்கிறேன். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் இதில் எவ்வளவு வடிவாக இருக்கிறீர்கள் என்பார்கள். அம்மாவின் எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு ஊரில் நடந்து அப்போது சில நாட்களே ஆகியிருந்தன.

ஒரு திங்கட்கிழமை, உணவகம் பூட்டுகிற நாள், ஹால்வில் ஏரிக்குப் போனோம். தூரம். ஆனால் பாதை ஒரு பள்ளத்தாக்கின் நடுவே தட்டையாகப் போகும். இரண்டு பக்கமும் மெல்ல உயரும் வயல்கள், இடையிடையே மரவீடுகள், யன்னல் தவறாமல் சிவப்புப் பூச்சட்டிகள். ஏரிக்குச் சற்று முன்னால் தண்ணீர் சூழ்ந்த ஒரு கோட்டை. மரப்பாலத்தால் உள்ளே போக வேண்டும். சுவரெல்லாம் பாசி பிடித்து, அகழியில் வாத்துகள் மிதந்தன. நான் பாலத்தில் குந்தியிருந்து ரொட்டிப் பாணைப் பிய்த்துப் பிய்த்து வாத்துகளுக்குப் போட்டேன்.

அங்கேதான் அந்தச் சமையல்காரரைக் கண்டோம். இறுக்கமான காற்சட்டையும் தலைக்கவசமுமாக நின்றார். கணவரின் முகத்தில் ஒரு பயம் ஓடியது. சமையல்காரர் நேரே என்னிடம் வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "மனவருத்தமாக இருக்கிறது, மிகவும் மனவருத்தமாக இருக்கிறது" என்று மெதுவாக, எனக்கு விளங்கும்படியான ஜெர்மனில் சொன்னார். எனக்கு இன்னும் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியாது. இத்தனை நாள் மறைப்பார்கள் என்று எந்தச் சுவிஸ்காரர் நினைப்பார்? நான் குழந்தையைச் சொல்கிறார் என்று எண்ணினேன். பிந்தினாலும் கேட்டாரே என்று நெஞ்சு இளகியது. நன்றி, இப்போது கொஞ்சம் பரவாயில்லை, சைக்கிள்தான் காரணம் என்று சிரித்தபடி சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் அகழியைப் பார்த்தார். அம்மாவின் சாவுக்கு எனக்கு முதலில் துக்கம் சொன்னவர் அவர்தான். நான் சிரித்து நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பிறகு ஏரிக்கரைக் கடை ஒன்றில் இருந்தோம். ஏரி மீன் பொரியல் அங்கே பேர்போனதாம். எனக்கு ஒரு பெரிய தட்டு வந்தது. அவர் உருளைக்கிழங்கும் இலையும் மட்டும் எடுத்தார். கொஞ்ச நாளாக மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாமல் இருந்தார். கேட்டால் கொலஸ்ட்ரோல் என்றார். முப்பது வயதில் என்ன கொலஸ்ட்ரோல் என்று பகிடி பண்ணினேன். ஒரு துண்டை முள்ளெடுத்து அவருடைய வாய்க்கு நேரே நீட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டார். "சாமியாராகப் போறியளோ?" என்று சொல்லிவிட்டு, அந்தத் துண்டையும் நானே தின்றேன். நல்ல ருசி. இப்போதும் அந்த ருசி நாக்கில் இருக்கிறது, அதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது.

அப்படியே அந்த மாதம் போனது. வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே கறுப்புப் பெட்டியிடம் ஓடுவேன். சிவப்பு விளக்கு மினுங்காது. "பாஸ் இன்னும் கிடைக்கேல்லைப் போலை" என்று நானே சொல்லிக்கொள்வேன். அவர் தலையை ஆட்டுவார். உடம்பு களைத்திருந்தபடியால் மாத்திரை இல்லாமலே நித்திரை வந்தது. முகம் கறுத்து, காலில் சதை பிடித்து, பசி வந்தது. அடுத்த பிள்ளையைப் பற்றிக்கூட ஒருநாள் நானாகக் கதை எடுத்தேன்.

கடைசி நாள் செர்ரிப் பாதை. ஆராவுக்கு வடக்கே யூரா மலை அடிவாரத்துக் கிராமங்கள். ஏற்றம்தான், ஆனால் அதற்குள் என் கால் பழகிவிட்டது. முன்னால் போய் மேட்டில் நின்று அவருக்காகக் காத்திருந்தேன். மரங்களில் செர்ரி கறுத்துத் தொங்கியது. ஒரு வீட்டு வாசலில் மேசை போட்டு, பையில் கட்டிப் பழம் வைத்திருந்தார்கள். ஆள் இல்லை, காசு போட ஒரு தகரப்பேணி மட்டும். இரண்டு பை எடுத்தோம். ஒரு மரத்தடியில் இருந்து கொட்டையைத் தூரத் துப்பி, யார் எறிந்தது தூரம் என்று பார்த்தோம். இரண்டு பெரிய ஆட்கள். கீழே முழு ஆற்றுப் பள்ளத்தாக்கும் தெரிந்தது. நாங்கள் ஓடிய பாதைகள் எல்லாவற்றையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். அந்தா ஆறு, அந்தா கோட்டை, அந்தா அம்மாவுக்குப் பார்த்த வாங்கு.

"வெளிக்கிடுவமோ?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் இருப்பம்."

"இருட்டிப் போடும்."

"கொஞ்சம் இரும்."

மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அதே மறுமொழி. கடைசியில் எழும்பி என் சைக்கிளைத் துடைத்தார், செயினைப் பார்த்தார், காற்றை அமத்திப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு இறக்கத்தில் விட்டோம். நான் பிரேக் பிடிக்கவில்லை. வாய் திறந்து கத்திக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அம்மாவின் அந்திரட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. அதற்கு முன்னால் மகள் அறிந்து முழுக வேண்டும். விசா கிடைக்காத அண்ணை, இனியும் இழுக்க முடியாது, ஆட்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லும் என்று கணவருக்குச் சொல்லியிருக்கிறார். கடைக்கார அக்காவிடம் எங்கள் வீட்டுத் திறப்புச் சாவி கொடுக்கப்பட்டிருந்தது.

மூன்றாம் மாடிக்கு நான்தான் முன்னால் ஏறினேன். எங்கள் கதவுக்கு வெளியே சப்பாத்துகள். ஆண்கள் சப்பாத்து, பெண்கள் செருப்பு, படிவரைக்கும் நிரம்பி வழிந்தன. சனம் கூடினால் எனக்கு முதலில் சந்தோசம்தான் வரும். ஒன்றும் யோசிக்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்தேன். தரை முழுக்க ஆட்கள். கதிரைகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். நான் வெயிலில் சிவந்த முகத்தோடும், செர்ரிச் சாறு பட்ட வாயோடும், "எப்ப வந்தனீங்கள் எல்லாரும்? இந்தாங்கோ, மரத்திலை இருந்து இப்பதான் பிடுங்கினது" என்று பையை நீட்டினேன்.

கடைக்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். முன்னுக்கு இருந்த ஒரு ஆச்சி பழத்துக்குக் கையை நீட்டிவிட்டு, அதே கையால் என்னை இழுத்துக் கட்டிப்பிடித்து, "என்ரை குஞ்சு, உன்ரை கொம்மா போட்டா" என்று தொடங்கினார். அதோடு எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் குழறத் தொடங்கினார்கள். நான் அவர்களுக்கு நடுவில் பையைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை.

"எப்ப?" என்று கேட்டேன். அவர்கள் குழறிக்கொண்டே இருந்தார்கள். திரும்பிக் கணவரைப் பார்த்து, "எப்ப?" என்று கேட்டேன். அவர் வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"நாங்கள் சைக்கிள் எடுக்கிறதுக்கு முதல் நாள்" என்றார்.

இரண்டு மணித்தியாலம் இருந்தார்கள். மாறி மாறிக் கட்டிப்பிடித்து அழுதார்கள். "நான் உம்மை அண்டைக்கு றோட்டிலை கண்டனான். சிரிச்சுக்கொண்டு போனீர். எனக்கு நெஞ்சு வெடிக்கப் பாத்தது" என்று அக்கா அழுதார். பிறகு கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது, காலையில் வேலை என்று ஒவ்வொருவராகச் சப்பாத்துத் தேடினார்கள். அவர்களுக்குத் துக்கம் ஒரு மாதம் பழையது. பாதி ஆறிவிட்டது. எனக்கு அப்போதுதான் தொடங்கியது, கூட அழ ஆள் இல்லை.

எல்லோரும் போன பிறகு அவரிடம் கேட்டேன். அம்மாவுக்கு வாங்கு பார்த்தேனே, மீன் ஊட்டினேனே, அப்போதெல்லாம் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று.

"நீர் சிரிச்சீர்" என்றார். "பிள்ளை போனபிறகு நான் உம்மடை பல்லைக் காணேல்லை. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைப்பன். அடுத்த நாளும் நீர் சிரிப்பீர்."

எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. அவரை அடித்தேன். அவர் தடுக்கவில்லை. ஊரில் அம்மாவின் உடம்பு எரிந்த நேரம் நான் எந்தப் பாதையில் இருந்தேன், என்ன பாட்டுப் பாடினேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கும் பார்க்கிறேன். அந்தக் கணக்கு மட்டும் சரிவருவதில்லை.

ஒரு கிழமை கழித்துத் தனியே ஆற்றங்கரைக்குப் போனேன். நடந்துதான். அங்கே இருந்து அழலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நான் சிரித்ததுதான் நினைவுக்கு வந்தது. இந்த இடத்தில் விழுந்தேன், இந்த இடத்தில் கையை விட்டு ஓடிக் காட்டினேன். அழ வந்தவளுக்கு ஆத்திரம்தான் மிஞ்சியது. பாதிவழியில் திரும்பி வந்துவிட்டேன். சமையல்காரரின் மனைவியின் சைக்கிளைக் கணவர் திருப்பிக் கொடுத்தார். தன்னுடையதையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். அதன்பிறகு நாங்கள் சைக்கிளில் ஏறவில்லை. அடுத்த மாதம் சத்தியம் பண்ணியபடி வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா என்று கூப்பிட்டார். நான் போகவில்லை.

பிள்ளையும் பிறகு பிறக்கவில்லை. அவரோடு கதைக்காமல் இருந்தேன் என்றில்லை. சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன், வரி கட்டும் கடிதம் வந்தால் சேர்ந்து பார்த்தோம். காலம் போனது. சண்டை பிடிப்பதற்கு வேண்டிய சூடுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. எப்போதாவது அவர், "அண்டைக்கே சொல்லியிருக்கவேணுமோ?" என்று கேட்பார். அவருக்கு அது இன்னும் தீரவில்லை. வயது போய் முடி நரைத்த மனிதர், சின்னப் பிள்ளைபோல என் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். சொல்லியிருக்கவேணும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

உண்மை அதுவல்ல. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் சந்தோசமாக இருந்தது அந்த ஒரு மாதம்தான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அம்மா செத்துக் கிடக்க, அது தெரியாமல் சைக்கிள் ஓடிய அந்த மாதம். இதை நான் அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை. சொன்னால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடும்.